குடிவரவு நிலைச் சரிபார்ப்பும் மெடிக்கெயிட் தகுதியும்

மெடிக்கெயிட் என்பது ஐக்கிய அமெரிக்காவில் குறைந்த வருமானம் உள்ளோருக்கான பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகும். 1965இல் உருவான இத்திட்டத்தின் செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவெடுப்பவை மாநிலங்கள். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் எனில், வருமானத்துடன் அவரது குடிவரவு நிலையும் பார்க்கப்படும். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவர் கூறும் நிலை உண்மையா என்பது ஒன்று. அந்த நிலை காப்பீடு பெறப் போதுமானதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் உண்டு.

முதற்கேள்விக்கு விடை தருவது 'சேவ்' எனப்படும் சரிபார்ப்பு முறை. 1986ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் வேர்கொண்ட இதனைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைகள் அமைப்பு நடத்துகிறது. விண்ணப்பதாரரின் பெயர், பிறந்த நாள், கிரீன் கார்டில் உள்ள எண் அல்லது ஐ-94 எண் ஆகியவை கணினி வழியே அனுப்பப்படும். விவரங்கள் பொருந்தினால் சில நொடிகளில் விடை கிடைத்துவிடும். பொருந்தாவிட்டால் அலுவலர் ஒருவர் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்; அதற்கு நாட்களோ வாரங்களோ ஆகலாம். சேவ் ஒருவரின் நிலையை மட்டுமே தெரிவிக்கும். காப்பீடு உண்டா இல்லையா என்று அது தீர்ப்பளிப்பதில்லை.

தமிழர் பெயரிடும் வழக்கம் இங்கே இடறக்கூடியது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எப்என்யூ' என்று பதியப்படும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். இத்தகையவர் காப்பீட்டு விண்ணப்பத்தில் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக எழுதினால் இரு பதிவுகளும் ஒத்துவராமல் போகலாம். குடிவரவு ஆவணத்தில் உள்ளபடியே பெயரை எழுதுவது நல்லது.

பொருந்தாமை மறுப்பு ஆகிவிடாது. சான்று காட்ட விண்ணப்பதாரருக்கு 90 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். மற்றத் தகுதிகள் இருந்தால் அந்த நாட்களில் சிகிச்சைக்கான காப்பீடும் உண்டு. இது தெரியாமல், கடிதம் வந்தவுடன் விண்ணப்பத்தைக் கைவிடுவது வீண் இழப்பு.

இரண்டாம் கேள்விக்கான விதிகள் பெரிதும் 1996ஆம் ஆண்டுப் பொதுநல உதவிச் சட்டத்திலிருந்து வந்தவை. அதன்படி கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அழைத்து அங்கே குடியேறும் முதிய பெற்றோரை இது நேரடியாகத் தாக்குகிறது. 65 வயதானோருக்கான மெடிக்கேரிலும், போதிய ஆண்டுகள் அந்நாட்டில் வேலை செய்த கணக்கு இல்லாதவர்கள், ஐந்தாண்டு தொடர்ந்து குடியிருந்த பிறகே கட்டணம் செலுத்திச் சேர முடியும். எச்-1பி விசாவில் இருப்போர் சட்டப்படி வசிப்பவர்களே. ஆயினும் பொதுவாக மெடிக்கெயிட் தகுதி அவர்களுக்கு இல்லை. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் காத்திருப்பின்றிச் சேர்க்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடமளித்தது. எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை.

ஏதிலிகளுக்கும் புகலிடம் பெற்றோருக்கும் ஐந்தாண்டு விதி பொருந்தவில்லை. ஆனால் 2025 சூலையில் கையெழுத்தான சட்டம் 2026 அக்டோபர் 1 முதல் தகுதி வட்டத்தைச் சுருக்குகிறது. அவர்கள் கிரீன் கார்டு பெறும்வரை நடுவண் நிதியிலான முழு மெடிக்கெயிட் பெற இயலாது.

நிலை எதுவாயினும், வருமானம் முதலிய மற்ற விதிகளுக்கு உட்பட்டவருக்கு அவசரச் சிகிச்சைச் செலவை மெடிக்கெயிட் ஏற்கும். மகப்பேறும் இதில் அடங்கும்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தை குடியுரிமை உள்ளது. அதற்காக மட்டும் விண்ணப்பிக்கும் பெற்றோர் தம் குடிவரவு நிலையைத் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆயினும் அச்சத்தால் விண்ணப்பிக்காத குடும்பங்கள் உள்ளன. பயனாளிகளின் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடன் பகிரப்பட்டதை எதிர்த்து 2025இல் பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன; அந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது.