பாதியில் விடக்கூடாத மாத்திரை

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் அட்டை தீர்ந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று நாலு நாள் விட்டுவிடுவார்கள். "பிரஷர் நார்மலா இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால், அப்புறம் எதற்கு மாத்திரை என்று தோன்றும். எந்த பிரஷர் மாத்திரையையும் இப்படி விடக்கூடாதுதான். ஆனால் பீட்டா பிளாக்கர் என்ற வகையைத் திடீரென விட்டால் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். நோய் பழைய இடத்துக்குத் திரும்புவதோடு நிற்காமல், அதைத் தாண்டியும் போகலாம்.

வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் 'லால்' என்று முடிந்தால் அநேகமாக அது இந்த வகை: அட்டெனலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால், ப்ராப்ரனலால், கார்வெடிலால், நெபிவலால். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். அம்லோடிபினையும் அட்டெனலாலையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள் நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதனால் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலேயே சாப்பிடுகிறவர்களும் உண்டு.

பயத்திலும் ஓட்டத்திலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கிறது. அட்ரினலின் சொல்வதைக் கேட்டுக்கொள்ள உயிரணுக்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவை ஆல்ஃபா, பீட்டா என இரு வகை என்று 1948-இல் சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்றால் இரத்தத்தைக் கூட்ட வழி தேடுவதே அன்றைய வழக்கம். பீட்டா ஏற்பிகளை அடைத்து இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். முதலில் செய்த மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து 1964-இல் வந்தது ப்ராப்ரனலால். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களையும், இதயம் பலவீனமானவர்களையும் எத்தனையோ ஆண்டுகளாகக் காத்துவரும் மருந்து வகை இந்த பீட்டா பிளாக்கர். இங்கே சொல்லும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடக்கூடாது என்பதற்காகவே இதை முன்னதாகச் சொல்கிறேன்.

திடீரென விட்டால் என்ன ஆகும்? மாதக்கணக்கில் ஏற்பிகள் அடைபட்டுக் கிடக்கும்போது உயிரணுக்கள் சும்மா இருப்பதில்லை. புதிதாக இன்னும் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கின்றன. மெல்லப் பேசுகிறவரிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் போன்றது இது. மாத்திரை நின்றதும், வழக்கமான அளவு அட்ரினலினே இதயத்துக்குக் கூச்சலாகக் கேட்கிறது. நாடி எகிறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வந்திருக்கின்றன. 1970-களிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் மருத்துவர் ஒன்று, இரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அந்த நாட்களில் கடுமையான உடலுழைப்பு வேண்டாம் என்பார். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. வெளியூர் போகும்போது போய்வரும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துச் செல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரை தாழும்போது வரும் கைநடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியை அமுக்கிவிடுகிறது. ஆனால் வியர்வையை அது தடுப்பதில்லை. இன்சுலின் போடுகிறவர், காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் அதையே அறிகுறியாகக் கொண்டு உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கருவி கைவசம் இல்லாவிட்டால் முதலில் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிடுவதே நல்லது. வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தவரால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

ஆஸ்துமா இருப்பவர்களின் பாடு இதைவிடச் சிக்கல். நுரையீரலின் மூச்சுக்குழாய்களிலும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. குழாயை விரித்து வைப்பது அவற்றின் வேலை. ப்ராப்ரனலால் இதயத்தோடு சேர்த்து அவற்றையும் அடைக்கிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, அவசரத்துக்கு இழுக்கும் சல்பூட்டமால் இன்ஹேலரும் சரியாகக் கேட்பதில்லை. மெட்டோப்ரலால், பிசோப்ரலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்கின்றன. ஆனால் அளவு கூடினால் அந்த வேறுபாடு மங்கிவிடும். சிறு வயதில் வந்து போன வீசிங்காக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண் சொட்டு மருந்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் நீர் அழுத்த நோய்க்குத் தரும் டைமலால் சொட்டும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணிலிருந்து மூக்குக்குள் வடிந்து அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. ஒரு சொட்டால் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரலாம், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி மேலும் இறங்கலாம். கண் மருத்துவர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தத்தில் கலப்பது வெகுவாகக் குறையும்.

நாடி எண்ணக் கற்றுக்கொள்வது எளிது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றலும் மயக்கமும் சேர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கரோடு வெராபமில், டில்டியாசெம் என்ற இதய மருந்துகள் சேர்ந்தால் நாடி ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்த விபத்து நேர வாய்ப்பு அதிகம். அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவருக்கு வழக்கமான அளவே உடம்பில் தேங்கும். பல் பிடுங்கும் முன்பும், எந்த அறுவைக்கு முன்பும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்; நீங்களாக முந்தின நாளே நிறுத்திவிடாதீர்கள்.

ப்ராப்ரனலாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும் தைராய்டு படபடப்புக்கும் தரப்படுவதால் அது இளைஞர்கள் இருக்கும் வீடுகளிலும் கிடக்கிறது. கையை நிலையாக வைப்பதால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தைப் போட்டிகளில் இவ்வகை மருந்துகளுக்குத் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் ஒருவர் ப்ராப்ரனலாலால் இரண்டு பதக்கங்களை இழந்தார். நேர்முகத் தேர்வுக்கு முன் பதற்றம் குறைய ஒன்று போட்டுக்கொள் என்று யாரும் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. வாங்கிக்கொள்கிறவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், நாடி இயல்பிலேயே குறைவாக இருக்கலாம். அளவு மீறினால் இவ்வகையில் மிகக் கொடியது இதுதான். நாடி விழுவது, வலிப்பு, மயக்கம் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.