கட்டியைத் தேடிப் போகும் ஆன்டிபாடி

1968 செப்டம்பரில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் முதலமைச்சர் அண்ணாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதங்களுக்குள், 1969 பிப்ரவரி 3 அன்று, அவர் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில், அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

அண்ணா நியூயார்க் போவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வு நிலையத்தில் டேவிட் பிரெஸ்மன் என்ற விஞ்ஞானி ஒரு கேள்வியோடு உழைத்துக்கொண்டிருந்தார். நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி. ஒரு ஆன்டிபாடி தனக்குரிய இலக்கைத்தான் பற்றும். அதன் மீது கதிரியக்க அயோடினை ஏற்றி அனுப்பினால், அது எங்கே போய் ஒட்டுகிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாமே? முதலில் எலியின் சிறுநீரகத்தில் சோதித்தார். 1953இல் லியன்ஹார்ட் கோர்ன்கோல்டுடன் சேர்ந்து, எலும்புப் புற்றுக்கட்டிக்கு எதிரான ஆன்டிபாடி அந்தக் கட்டியில் சேர்வதைக் காட்டினார்.

மனிதருக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1978இல் டேவிட் கோல்டன்பர்க் குழு, குடல் புற்று போன்றவற்றில் மிகுதியாகக் காணப்படும் சிஇஏ என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியில் அயோடின்-131 சேர்த்து, 18 நோயாளிகளுக்குச் செலுத்திப் படம் எடுத்தது. கட்டிகள் தெரிந்தன. ஆனால் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த மிச்ச ஆன்டிபாடியும் ஒளிர்ந்ததால், அந்தப் பின்னணியைக் கணினியில் கழித்தே கட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இங்கேதான். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, எடை சுமார் 1,50,000 டால்டன். கட்டிக்குள் மெல்லத்தான் நுழையும். இரத்தத்தை விட்டு நீங்கப் பல நாள் ஆகும். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் அன்றாடம் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆன்டிபாடி போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிடும். இலக்கைத் தேர்வதோடு, ஆன்டிபாடியின் நடைக்கேற்ற ஆயுள் கொண்ட கதிரியக்கத் தனிமத்தையும் தேட வேண்டியிருந்தது. பெட் ஸ்கேனுக்கு அப்படிக் கிடைத்தது சிர்கோனியம்-89. அதன் அரை ஆயுள் 78 மணி நேரம்.

சிர்கோனியம் என்ற உலோகத்தை ஆன்டிபாடி என்ற புரதத்தோடு எப்படி இணைப்பது? காஞ்சிபுரம் பட்டில் உடலுக்கு ஒரு நிறப் பாவும் முந்திக்கு வேறு நிறப் பாவும் வரும்போது, நெசவாளர் இரண்டையும் இழை இழையாகக் கையால் சேர்ப்பார். அந்த இடம் பிரிந்தால் புடவையே வீண். இங்கே அந்த இணைப்பு வேலையைச் செய்வது டெஸ்ஃபெரியாக்சமின். தலசீமியா என்ற இரத்த நோயுள்ள குழந்தைகளின் உடலில் சேரும் அதிகப்படி இரும்பை வெளியேற்றத் தரப்படும் அதே மருந்துதான்! பிடி நழுவினால், விடுபட்ட சிர்கோனியம் எலும்பில் போய்த் தங்கும். படமும் பொய் சொல்லும்.

இவ்வளவு பாடு எதற்கு? மார்பகப் புற்றில் ஹெர்2 புரதம் மிகுந்திருந்தால் அதைப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தைக் கொடுப்பார்கள். அதை முடிவு செய்வது ஊசியால் எடுத்த ஒரு சிறு துணுக்கின் பரிசோதனை. நோய் கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பின், எல்லாக் கட்டிகளிலும் ஹெர்2 இருக்கிறதா என்று அந்தத் துணுக்கு சொல்லாது. டிராஸ்டுசுமாபிலேயே சிர்கோனியம் ஏற்றி ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், ஹெர்2 உண்டு என்று பரிசோதனை சொன்னவர்களில் பத்தில் சுமார் மூவரிடம், பரவிய கட்டிகளில் பெரும்பகுதியோ முழுவதுமோ அதை ஏற்காததைப் படம் காட்டியது. நகையை அடகு வைத்து மருந்து வாங்கும் குடும்பத்துக்கு, அந்த மருந்து கட்டியைச் சென்றடையுமா என்பதை முன்னதாக அறியும் உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. சிர்கோனியத்தைச் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரிக்க வேண்டும். நோயாளி ஊசி போட்டுக்கொண்டு போய், சில நாள் கழித்து மீண்டும் வர வேண்டும். உடல் ஏற்கும் கதிர்வீச்சும் கூடுதல்.

அதனால் இப்போது ஒட்டக இனங்களின் ஆன்டிபாடியிலிருந்து எடுக்கும் மிகச்சிறு துண்டுகள் மீது கவனம் திரும்பியிருக்கிறது. முழு ஆன்டிபாடியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இவை. விரைவில் கட்டியில் ஒட்டி, மிச்சம் சிறுநீரில் வெளியேறிவிடும். எனவே 68 நிமிட அரை ஆயுள் கொண்ட கேலியம்-68 போதும். அதை மருத்துவமனையிலேயே வைக்கக்கூடிய சிறு ஜெனரேட்டரிலிருந்து கறந்துகொள்ளலாம். பெல்ஜியத்தில் ஹெர்2 மார்பகப் புற்று நோயாளிகளிடம் இத்தகைய துண்டின் முதல்கட்டச் சோதனை முடிந்து, 2016இல் முடிவுகள் வெளியாயின. இந்த முறை தேறினால், வந்தவாசியிலிருந்தோ செய்யாறிலிருந்தோ காலையில் பஸ் ஏறி வரும் நோயாளி ஸ்கேன் முடித்து அன்று மாலையே வீடு திரும்பலாம்.