அசையாமல் அமர்ந்த முகங்கள்

பிரான்ஸைச் சேர்ந்த லூயி டாகேரின் ஒளிப்பட முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் வெளியிடப்பட்டபோது, படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், அது கட்டடத்துக்கும் சிலைக்கும் பொருந்திய அளவுக்கு மனித முகத்துக்குப் பொருந்தவில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைப் பளபளவென்று மெருகேற்றி அயோடின் ஆவியில் காட்டினால், ஒளிபட்டு மாறக்கூடிய மெல்லிய படலம் அதன்மேல் படியும். அத்தகட்டை கேமராவில் ஒளிபடச் செய்து, சூடேற்றிய பாதரசத்தின் நச்சு ஆவியில் பிடித்தால் உருவம் எழும். எஞ்சிய வெள்ளி உப்பை ஹைப்போ கரைசலில் கழுவி நீக்கிவிட்டால் அது நிலைக்கும்.

வியன்னாவின் யோசப் பெட்ஸ்வால் 1840இல் வடிவமைத்த, மிகுதியான ஒளியை உள்ளே விடும் லென்ஸும், அயோடினோடு புரோமின் சேர்க்கும் வழக்கமும் காத்திருக்கும் நேரத்தைப் பெரிதும் குறைத்தன. 1841இல் ரிச்சர்ட் பியர்ட் லண்டனில் வெயில் வேண்டி ஒரு கட்டடத்தின் உச்சியிலேயே ஸ்டூடியோ திறந்தார். அப்போதும் அமர்பவரின் பிடரியை இரும்புத் தாங்கி ஒன்று பின்னாலிருந்து பிடித்திருக்க, துறுதுறுவென்றிருக்கும் குழந்தைகள் படத்தில் புகையாய்க் கலைந்துபோயின. பழைய படங்களில் சிரிப்பு இல்லாததற்கு இந்தக் காத்திருப்பை மட்டுமே காரணம் காட்டுவது சரியன்று. சில நொடிகளில் படம் பதிந்த 1850களிலும் முகங்கள் இறுகியே இருந்தன என்பதால், பல் தெரியச் சிரிப்பதைக் கண்ணியக் குறைவாகக் கருதிய ஓவிய மரபுக்கும் இதில் பங்குண்டு.

உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தகட்டைச் சற்றே சாய்த்தால்தான் உருவம் புலப்படும். கோணம் மாறினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரளும், இன்னும் திருப்பினால் பார்ப்பவரின் முகமே அதில் தெரியும். இடம் வலமாக மாறிப் பதிவதால் சட்டைப் பொத்தான்கள் எதிர்ப்பக்கம் இருக்கும். விரல் பட்டாலே கெட்டுவிடும் என்பதால் கண்ணாடியிட்டு, வெல்வெட் பதித்த சிறு பெட்டியில் வைத்தார்கள். கன்னத்தில் இளஞ்சிவப்புப் பொடியையும் நகையில் பொன்வண்ணத்தையும் தூரிகையால் தொட்டுவைப்பதும் உண்டு. ஒவ்வொரு தகடும் ஒற்றைப் படம், நெகட்டிவ் கிடையாது. இறந்த குழந்தையைக் கிடத்தி எடுத்த படம் பல வீடுகளில் அக்குழந்தையின் ஒரே படமாக எஞ்சியதை இதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்த ஒற்றைத்தன்மை பெருவாரியாக உடைந்தது பாரிஸின் ஆந்த்ரே டிஸ்டேரியால். பல லென்ஸ் கொண்ட கேமராவால் ஒரே கண்ணாடி நெகட்டிவில் பல படங்கள் எடுத்துத் தாளில் அச்சிட்டு, விசிட்டிங் கார்டு அளவு அட்டைகளில் ஒட்டும் முறைக்கு அவர் 1854இல் காப்புரிமை பெற்றார். முகம் பெட்டியை விட்டு வெளியேறி, கொடுக்கவும் விற்கவும் கூடிய பண்டமாயிற்று. வாடிக்கையாளர்கள் ஸ்டூடியோவின் போலித் தூண்களையும் திரைச்சீலைகளையும் இரவல் அந்தஸ்தாகப் பெற்றார்கள். 1860இல் விக்டோரியா அரசியின் படங்களும் இவ்வடிவில் விற்பனைக்கு வந்தபின், அரசியும் சொந்த அத்தையும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்து அமர்ந்தார்கள்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கு ஒளிப்படம் வேறு பொருள் தந்தது. கேலிச்சித்திரங்கள் கறுப்பின மக்களை இளித்த முகத்தோடு வரைந்துவந்த காலத்தில், அப்படி விடுபட்ட பிரெடரிக் டக்ளஸ் நூற்றுக்கும் மேற்பட்ட முறை கேமராவின் முன் அமர்ந்து, நேர்கொண்ட இறுகிய முகத்தையே காட்டினார். அவரைப் போலவே விடுபட்ட சோஜர்னர் ட்ரூத் தம் படத்தை அட்டைகளாக விற்றுச் செலவுகளைச் சமாளித்தார். தலையில் வெள்ளைத் தொப்பியும் கையில் பின்னல் நூலுமாக அவர் அமர்ந்திருக்கும் 1864ஆம் ஆண்டு அட்டைகளின் பதிப்புரிமை, ஒளிப்படக்காரர் பெயரில் அல்லாமல் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.