வாகரையிலிருந்து நீதிமன்றம் வரை

பெண்கள் நிலையம் என்பது, வீட்டு வன்முறை, கடன், தொலைந்த பிறப்புச் சான்றிதழ், தாபரிப்பு (அதாவது பிரிந்துபோன கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புப் பணம்) ஆகியவை பற்றி ஒரு பெண் அச்சமின்றி வந்து பேசக்கூடிய, ஊருக்குள்ளேயே அமைந்த இடமாகும். கொழும்புப் பக்கம் கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ வசிப்பவருக்குப் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் ஒரு பஸ் தூரத்தில் இருப்பதால் அதன் அவசியம் எளிதில் புலப்படுவதில்லை.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வாகரையில் நிலைமை வேறு. அப்பகுதியின் சில கிராமங்களில் வாழும் கரையோர வேடர்கள், தமிழ் பேசி, களப்பில் மீன்பிடித்தும் காட்டில் தேனெடுத்தும் சேனை செய்தும் வாழ்ந்துவந்த பூர்வகுடியினராயினும், அரச பதிவுகளில் பெரும்பாலும் தமிழராகவே கணக்கிடப்படுவதால், தீவின் உட்பகுதியிலுள்ள தம்பானையின் வேடருக்குக் கிடைக்கும் கவனம்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் போரும் இப்பகுதி மக்களை அடுத்தடுத்து இடம்பெயரச் செய்தன.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கலாம். இறுதிக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். தாளில் இது விரைவான நிவாரணம்தான். ஆனால் அந்த இரண்டு வாரங்களுக்குள் நீதவான் நீதிமன்றம் உள்ள வாழைச்சேனைக்கு இரு தடவை போய்வர, பஸ் கட்டணமும், இழக்கும் நாட்கூலியும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், யாரிடம் போகிறாள் என்று கேட்கும் ஊர் வாய்க்குப் பதிலும் வேண்டும். சட்டம் தருவதைத் தூரம் பறித்துக்கொள்ளும் இடத்தில்தான் நிலையத்தின் பணி தொடங்குகிறது: கூடவே பஸ்ஸில் ஏறும் ஒருத்தியை அது தருகிறது.

இத்தகைய முயற்சிக்குக் கிழக்கிலேயே முன்னுதாரணம் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் தங்கியிருந்த கிழக்குப் பெண்களிடையே 1991இல் உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், அவர்கள் ஊர் திரும்பியபோது தானும் 1993இல் மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தது. உதவி பெறுவோரைத் தொடர்ந்து சென்றதே அதன் பலம் எனலாம்.

பூர்வகுடிப் பெண்களே நடத்தும் நிலையத்துக்கு வெளிநாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில், நில உரிமைப் பேச்சுகளில் தமக்கு இடமில்லை எனக் கண்ட ஆதிவாசிப் பெண்கள் 1980இல் அமைத்த என்.பி.வை. பெண்கள் பேரவை அவர்களது கையிலேயே இருக்கிறது. அது 1995இல் தொடங்கிய ஜான்பி முயற்சியில் பெண்கள் காட்டுப் புல்லால் கூடைகள் பின்னி வருமானம் பெறுகிறார்கள். கூடிப் பின்னும் வேளையே பேச்சுக்கும் வேளையாகிறது.

ஆகவே பெண்கள் நிலையத்துக்கான ஆதரவு என்பது கட்டடமும் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவுமாக முடிந்துவிடக் கூடாது. ஓராண்டுத் திட்ட நிதி தீர்ந்ததும் உத்தியோகத்தர் போய்விட, பூட்டிய கதவின் முன் வந்து நிற்கும் பெண் இரண்டாம் முறை வருவதில்லை. ஊர்ப் பெண்கள் இருவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் தொடரும் சம்பளத்துக்கும், நீதிமன்றத் திகதிகளுக்கான பஸ் காசுக்கும், தொலைபேசிக் கட்டணத்துக்குமே முதலில் நிதி வழங்கப்பட வேண்டும்.