சரிவில் டிராக்டரை நியூட்ரலில் விடலாகாது

சிறுசேரி சுற்றுவட்டாரம் சமநிலமேயாயினும், ஏரிக்கரையினின்று இறங்கும் வண்டிப்பாதை எங்கும் சரிவானதே. பாரமேற்றிய டிராக்டரை அவ்விடத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமென்று சிலர் எண்ணுவர். அது தவறு. நியூட்ரலிலும் எஞ்சின் ஓடுவதற்கு டீசல் வேண்டும். கியரில் இருக்கையில் ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் டீசல் செலவு ஏறக்குறைய நின்றுவிடும். எஞ்சினும் வேகத்தைத் தடுக்கும்.

நியூட்ரலில் அத்தடை நீங்கி, முழுப்பாரமும் பிரேக்கின்மேல் விழும். நீண்ட சரிவில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தனிப் பிரேக் இல்லாத டிரெய்லர், டிராக்டரைப் பின்னின்று தள்ளிக் கவிழ்க்கவுங்கூடும். வேகம் மிகுந்தபின் மீண்டும் கியர் போடுவதும் அரிது. 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைப் பாதையில் லாரிக்கு எவ்விதியோ, ஏரிக்கரையில் டிராக்டருக்கும் அவ்விதியே.

ஆகையால், இறங்குமுன்பே வண்டியை நிறுத்தித் தாழ்ந்த கியரில் போடவேண்டும். அப்பாரத்துடன் அச்சரிவில் ஏறுவதற்கு வேண்டிய கியரே இறங்குவதற்கும் ஏற்றது. இடையில் கிளட்சை மிதிக்கலாகாது. இரு பிரேக் மிதிகளையும் முன்னரே கொக்கியால் இணைத்துக்கொள்க; ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபுறம் திரும்பிவிடும். கிராம அதிகாரிகள் சரிவு தொடங்குமிடத்தில் எச்சரிக்கைப் பலகை நாட்டுவித்தல் நலம்.