உஷார்! ரீசெட் ஆனது சிப் மட்டும்தான்

‘வாட்ச்டாக் டைமர் போட்டிருக்கிறோம், புரோகிராம் தொங்கினால் தானே ரீசெட் ஆகிவிடும்’ என்று சொல்லி போர்டை ஃபீல்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் ஆபத்தானது. மருந்து ஏற்றும் பம்ப், லிஃப்ட், ஹீட்டர் என உயிர் சம்பந்தப்பட்ட எதற்காவது கோட் எழுதுகிறீர்கள் என்றால் தயவுசெய்து கவனியுங்கள். ரீசெட் ஆவது மைக்ரோகன்ட்ரோலர் மட்டும்தான். வெளியே இருக்கும் சென்சாருக்கும் மோட்டார் டிரைவருக்கும் அந்தச் சேதியே போவதில்லை.

ஐ2சி பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒரு பூஜ்ய பிட்டை அனுப்ப எஸ்டிஏ என்ற டேட்டா லைனைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. சரியாக அந்த நொடியில் ரீசெட். கிளாக் நின்றுவிடுகிறது. சென்சாருக்கு வரும் மின்சாரம் துண்டிக்கப்படவில்லையே, அது அடுத்த கிளாக்குக்காக லைனை விடாமல் காத்திருக்கும். சிப் மறுபடி எழுந்து பார்த்தால் பஸ் பிஸி. டிரைவர் கோட் ‘காலியாகட்டும்’ என்று லூப்பில் சுற்றும், வாட்ச்டாக் மறுபடி கடிக்கும், மறுபடி ரீசெட். யாராவது வந்து பவரை அணைத்துப் போடும்வரை இதுதான் கதி. ஐ2சியை இனிஷியலைஸ் செய்வதற்கு முன்பே எஸ்சிஎல் என்ற கிளாக் பின்னில் 9 பல்ஸ் கொடுத்து, ஒரு ஸ்டாப் போட்டால் சென்சார் லைனை விட்டுவிடும். சில வரி கோட்தான். பல புராஜெக்ட்களில் அது இருப்பதில்லை.

அடுத்தது பின்கள். ரீசெட்டின்போது பெரும்பாலான சிப்களில் அவை இன்புட்டாக மாறி மிதக்கும். மாஸ்ஃபெட் கேட்டில் புல்-டவுன் ரெசிஸ்டர் இல்லையென்றால் கேட்டில் தேங்கிய சார்ஜ் அப்படியே நிற்கும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏவிஆர் சிப் என்றால் இன்னொன்று. வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் வாட்ச்டாக் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் சுமார் 15 மில்லிசெகண்ட் என்ற மிகக் குறைந்த கெடுவில். தொடக்கத்திலேயே ரீசெட் ஃபிளாகைப் படித்துச் சேமித்து, அழித்து, வாட்ச்டாகை நிறுத்துங்கள். ரீசெட்டுக்குக் காரணம் வாட்ச்டாக் என்று தெரிந்தால், விட்ட இடத்திலிருந்து மோட்டாரைத் தானாக ஓட்டவே கூடாது. எல்லாவற்றையும் அணைத்து, அலாரம் அடித்து, மனிதர் வந்து பார்க்கும்வரை நிற்க வேண்டும்.

இது சின்ன போர்டு விவகாரம் மட்டுமல்ல. போயிங் 787 விமானத்தில் 22 நாட்கள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் மூன்று விமானக் கட்டுப்பாட்டு மாட்யூல்களும் ஒரே சமயத்தில் ரீசெட் ஆகலாம் என்று தெரியவந்து, அதற்கு முன்பே பவரை அணைத்துப் போடச் சொல்லி 2016-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ உத்தரவிட்டது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதானே மூன்று வைக்கிறார்கள்!

பெஞ்சில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது, சென்சாரைப் படித்துக்கொண்டிருக்கும்போது, ரீசெட் பின்னைத் திரும்பத் திரும்ப கிரவுண்டோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு அவுட்புட் பின்னிலும் ஆஸிலோஸ்கோப் வையுங்கள். அந்தச் சோதனையைத் தாண்டாத போர்டை நோயாளியின் படுக்கையருகே அனுப்பாதீர்கள்.