கட்டையில் செதுக்கிய கலவரம்

1780 ஜூன் மாதம் லண்டன் பற்றி எரிந்தது. கத்தோலிக்கர்களுக்குச் சில உரிமைகளைத் தந்த சட்டத்தை எதிர்த்து மூண்ட கார்டன் கலவரம் அது. நியூகேட் சிறைச்சாலையே தீக்கிரையானது. இந்தக் கலவரத்தை வைத்து 1841-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய வாரத் தொடர்தான் 'பார்னபி ரட்ஜ்'.

தொடரின் படங்களுக்கு இரண்டு ஓவியர்கள். சத்திரம், பழைய மாளிகை என்றால் ஜார்ஜ் கேட்டர்மோல். வெறிபிடித்த கூட்டம் என்றால் பெரும்பாலும் 'ஃபிஸ்' என்ற புனைபெயர்க்காரர் ஹாப்லோ நைட் பிரவுன்.

அவர்கள் வரைந்ததைச் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக இழைத்த கட்டை. தாளில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தையெல்லாம் நுண்ணிய உளியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்கும் மேடான கோடுகள்தான் மையை வாங்கும். அதுவும் இடவலம் மாறிய படம்! தீப்பந்தம், தடி, நூறு முகம் என்று ஓவியர் சுலபமாக வரைந்துவிடலாம். செதுக்கியவர் பாடுதான் பெரிய பாடு. ஆனாலும் பெயர் வாங்கியவர் ஓவியர்தான்.

எஃகுத் தகட்டுப் படமென்றால் தனித் தாளில் அச்சடித்துச் சேர்க்க வேண்டும். மரக்கட்டையோ அச்செழுத்தின் உயரமே இருக்கும். எழுத்தோடு சேர்த்துப் பூட்டி ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம். அதனால் கதையில் கலகம் வெடிக்கும் பக்கத்திலேயே படமும் வந்து நின்றது.

நாவலில் பார்னபியோடு வரும் அண்டங்காக்கை கிரிப், டிக்கன்ஸ் வளர்த்த பறவையின் பெயரையே கொண்டது. பாடம் செய்யப்பட்ட அந்த நிஜ கிரிப், இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா பொது நூலகத்தில் இருக்கிறது.